அடுத்த ஊர் அண்ணனின் முன்பல்

வட ஆர்க்காடு ஜில்லாவிலேயே நாற்காலிக்கு ஜென்ம விரோதி என்று ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். நாற்காலி மட்டுமில்லை. பெஞ்சு, பாய், கயிற்றுக் கட்டில், ரயில் பலகை என்று எதன்மீதும் அவர் முழுசாக ஐந்து நிமிஷம் உட்கார்ந்ததை ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரைக்கும் பார்த்தவர் கிடையாது. சோறு தின்பது நின்றுகொண்டு. பேப்பர் படிப்பது நின்றுகொண்டு. முகச்சவரமும் நின்றுகொண்டேதான், நாவிதர் பாவம், கத்தியோடு அவரைச் சுற்றிச் சுற்றி வருவார், கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் அவரோடு ஒரே பேண்டு செட்டில் இருந்தேன், அவர் வீட்டில் கஞ்சி குடித்திருக்கிறேன், ஆனாலும் தெரியாது. எல்லாருக்கும் அவர் ‘அடுத்த ஊர்’. எங்களைப்போன்ற வயதில் சின்னவர்களுக்கு ‘அடுத்த ஊர் அண்ணன்’. ஓர் ஊரில் வாசிக்கத் தொடங்கி முதல் பாட்டு முடிந்திருக்காது, கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து, “அடுத்த ஊரு எதுபா?” என்று கேட்பார். மாப்பிள்ளை அப்போதுதான் குதிரையில் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருப்பார்.

பிள்ளைகளே, அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். பேண்டு அடித்தது தெரியாது. வாரத்தில் நாலு நாள் தோல் ஷாப்பில், தோலைப் பதம் பண்ணுகிற பட்டைத் தண்ணீர்க் குழியில் இறங்கித் தோல் மிதிப்பேன். முகூர்த்த நாள் வந்தால் குளித்துவிட்டு, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, பெரிய டிரம்மைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வேன். அப்போது நான் இன்னும் ஒல்லி. டிரம்முக்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பதே தெரியாது. டிரம்முக்குக் கால் முளைத்து நடந்து போவதுபோல இருக்கும் என்று உங்கள் அம்மா சொல்வாள்.

எங்கள் செட்டில் பத்துப் பேர். சாயபுமார் வீட்டு நிக்காவுக்கும் போவோம், முதலியார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவோம், மாதா கோயில் தேருக்கும் போவோம், சாவுக்கும் போவோம். விரிஞ்சிபுரம் திருவிழாவில் வாசித்துவிட்டு அப்படியே பஸ் ஏறித் திமிரியில் இறங்கி ஒரு பெரியவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறோம். பஸ் நிற்கும் வரை அடுத்த ஊர் அண்ணன் எப்போதும் காத்திருந்ததில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து கிளாரினெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குதிப்பார். கண்டக்டர் தலையை நீட்டித் திட்டிக்கொண்டே போவார். அந்தத் திட்டு முழுவதும் காதில் விழுமுன் அவர் கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் போயிருப்பார்.

அவரைப் பிடித்து நிறுத்த இந்த ஜில்லாவில் ஒன்றால்தான் முடிந்தது. அது பாலாறு. தண்ணீர் கிடையாது, மணல். பெண் எடுத்த ஊர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தால் ஊர்வலம் மணலில் இறங்கித்தான் போகவேண்டும். கணுக்கால் புதையும். அவர் காலை இழுத்து இழுத்து வைத்து, “இந்த ஆத்தை யாரு இவ்ளோ அகலமா வெச்சது?” என்று ஆற்றைத் திட்டுவார்.

இவருக்கு எப்படிப் பெண் கொடுத்தார்கள் என்று நான் அண்ணியை ஒருமுறை கேட்டேன். அண்ணி என்றால் அவர் சம்சாரம். குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

“குடுத்தாங்க, குடுத்தாங்க! என் கல்யாண ஊர்கோலத்துல நான் வண்டில ஒக்காந்துனு கீறேன். பக்கத்துல மாப்ளயக் காணோம். எங்கடான்னு பாத்தா, இவரு பேண்டோட முன்னால போய்ட்டாரு. வாசிக்க வந்தவன் மெல்லமா வாசிக்கறான்னு அவங்கிட்ட இருந்து கிளாநெட்ட புடுங்கி இவரே வாசிச்சுக்கினு போறாரு, மாலையோட! நான் ஒண்டியா ஊர்கோலம் போனேன்பா. ஜனமெல்லாம், ‘பொண்ணு வருது, மாப்ள எங்க?’ன்னு கேக்குது. இன்னா சொல்றது? ‘வாசிக்கறாரு பாரு, அவருதான்’னேன்.”

அண்ணன் நின்றபடி டீ குடித்துக்கொண்டே கேட்டிருந்தார். “முகூர்த்தத்துக்கு நேரமாச்சுல்ல?” என்றார், முப்பது வருஷம் கழித்தும் கவலையாக.

பேண்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தாளம் தப்பும், பின்னால் வருகிற மாப்பிள்ளைக்கும் நல்லதில்லை என்பார்கள். எல்லா செட்டுக்கும் இது பொது. ஆனால் மற்ற செட்டுகளில் அடுத்த ஊர் அண்ணன் கிடையாது.

ஆம்பூரில் ஒரு நிக்கா. காலை நேரம். மாப்பிள்ளை குதிரையில், நாங்கள் முன்னால், ரயில்வே கேட்டைத் தாண்டிப் பெண் வீடு. கேட்டுக்குப் பக்கத்தில் வரும்போது மணி அடித்துவிட்டது. கேட்டுக்காரன் கட்டையை இறக்குகிறான். அண்ணன் வாசிப்பதை விடாமல் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார். அவர் நுழைந்தால் தாளமும் நுழையவேண்டுமே! நான் டிரம்மோடு நுழைந்தேன். பத்துப் பேரும் அந்தப்பக்கம் வந்துவிட்டோம். பின்னால் ஒரு சரக்கு ரயில் வந்து, போகவும் மனசில்லாமல் நிற்கவும் மனசில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாயிற்றே.

சந்தில் இருந்து ஒரு மாட்டு வண்டி பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பின்னால் சேர்ந்தது. எங்களுக்குத் தெரியாது. மாடு நல்ல மாடு, பேண்டுக்கு ஏற்றபடி நடந்து வந்திருக்கிறது. பெண் வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பெரியவருக்குக் கண் மங்கல். பேண்டு வந்தது, பின்னால் ஏதோ உயரமாக வந்தது, அவர் பன்னீரை வாரி வாரி அடித்தார். இரண்டு நாள் உப்பில் கிடந்த நூறு ஆட்டுத்தோலின்மேல்!

வண்டிக்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடிங்க சாயபு, நல்லா அடிங்க. ரெண்டு நாளா இந்த நாத்தத்துலதான் வர்றேன்” என்றான்.

பெண்ணின் தகப்பனார் ஓடிவந்தார். “யோவ், மாப்ள எங்கய்யா?”

அடுத்த ஊர் அண்ணன் அப்போதும் திரும்பவில்லை. “பின்னால வர்றாரு பாய். எங்களுக்கு அடுத்த ஊரு பேர்ணாம்பட்டு. நேரமாவுது, சீக்கிரம் முடிச்சு வுடுங்க” என்றார்.

இப்படி முப்பது வருஷம் ஓடியவரை ஒரு பல் வந்து மடக்கியது.

கிளாரினெட் வாசிப்பதை நீங்கள் தூரத்தில் இருந்துதான் பார்த்திருப்பீர்கள். அதன் தலையில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கும். கீழ் உதட்டை மடித்து அடியில் கொடுத்து, மேல் முன்பல் இரண்டையும் கட்டையின்மேல் ஊன்றிக்கொண்டு ஊதவேண்டும். வாசிக்கிறவனுக்கு அந்த இரண்டு பல்தான் நங்கூரம். அண்ணனுக்கு அதில் ஒன்று ஆட ஆரம்பித்தது.

ஆடின நேரம் பார்த்தீர்களா, அதுதான் வேடிக்கை. மெட்ராஸிலிருந்து ஒரு கூந்தல் தைலக் கம்பெனி எங்கள் பேண்டு மாஸ்டரை வந்து பார்த்தது. ஒரு வேன் வரும். அதில் பேண்டு செட் ஏறிக்கொள்ளவேண்டும். சித்தூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி என்று நாற்பது நாளில் நாற்பது ஊர். சந்தைக்குச் சந்தை இறங்கி வாசித்துக் கூட்டம் சேர்க்கவேண்டும், கம்பெனிக்காரன் தைலம் விற்பான். மாஸ்டருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. “நீங்க மட்டும் தொப்பிய எடுக்கவே கூடாது” என்று கம்பெனிக்காரன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டான்.

நாற்பது ஊர்! கேள்விப்பட்டதும் அண்ணன் வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்தார். ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், சின்னப்பிள்ளை மிட்டாய்க் கடையில் பாட்டில்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். வேன் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு சாவு ஊர்வலத்தில் அண்ணனின் சுருதி இரண்டு இடத்தில் வழுக்கியதைக் கவனித்துவிட்டார். மறுநாள் வாயைத் திறக்கச் சொல்லி விரலால் தொட்டார். பல் தலையாட்டியது.

“இன்னாபா இது, தொட்டில் மாதிரி ஆடுது?”

“அது அப்டிதான் மாஸ்டர், குளிருக்கு.”

“வைகாசி மாசத்துல இன்னா குளிரு? தோ பாரு. குடியாத்தத்துல ஒரு பையன் கீறான். ஒவ்வொரு பல்லும் தேங்கா பத்த மாதிரி இருக்குது. வாசிப்பு உன்ன விட கம்மிதான், இல்லன்னு சொல்லல. ஆனா நாப்பது நாளு நடுவுல எனக்கு ஆளு கெடைக்காது. ஞாயித்துக்கெழமை மேல்விஷாரத்துல நிக்கா. அதுல மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நீ வாசிச்சுட்டா வேன்ல ஏறு. பல்லு மக்கர் பண்ணுச்சுன்னா நீ வூட்ல இரு, அவன் வரட்டும்.”

வீட்டில் இரு. அண்ணனிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அவர் அந்தப் பல்லைச் சுமந்து நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது. மென்று தின்பதை நிறுத்தினார், கஞ்சிதான். ஒரு கல்யாணத்தில் பிரியாணி சட்டி திறந்த மணத்துக்கு ஊரே திரும்ப, அவர் மட்டும் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு கஞ்சிச் செம்பை உறிஞ்சினார். பஸ் குலுக்கும் என்று பஸ் ஏறவில்லை. தும்மல் வந்தால் இரண்டு கையாலும் வாயைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவார். சிரிக்கக்கூட மாட்டார். அண்ணி தறிக்காரர் வீட்டுக் கதை ஏதாவது ஆரம்பித்தால், “ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம் சொல்லுடி” என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

வியாழக்கிழமை நான் அவரை வேலூருக்கு ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். நடந்தே போனோம். எட்டு மணிநேரம் ஆயிற்று. திரும்பும்போது அவரைக் கெஞ்சிக் கூத்தாடி, மெதுவாகப் போகிற ஒரு மாட்டு வண்டியில் ஏற்றினேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். “உட்காருங்க ஐயா” என்று நாற்காலியைக் காட்டினார்.

பல் டாக்டர் நாற்காலியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சாதாரண நாற்காலியே ஆகாத மனிதருக்கு முன்னால், சாய்கிற, உயருகிற, கால் நீட்டிக்கொள்கிற ஒரு நாற்காலி! அண்ணன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். உட்கார்ந்தார். டாக்டர் காலால் எதையோ மிதித்தார். நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது. அவ்வளவுதான், அண்ணன் வாசலில் நின்றார்.

“இன்னா அண்ணே!”

“அதுல ஒக்காந்தா மனுசன் படுத்துர்றான்பா. அப்பறம் எழுந்திரிப்பானோ இன்னாவோ, யாரு கண்டாங்க?”

கடைசியில் டாக்டர்தான் எழுந்து வாசலுக்கு வந்து, நின்றபடியே அவர் வாய்க்குள் பார்த்தார். பல்லுக்கு வேர் போய்விட்டது, எடுத்துவிடவேண்டும், ஈறு ஆறின பிறகு கட்டுப்பல் வைக்கலாம், மூன்று மாதம் ஆகும் என்றார். பொய் சொல்லாத டாக்டர். அண்ணன் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். கோட்டை அகழி வரைக்கும் விறுவிறுவென்று நடந்தார். அப்புறம், “மூணு மாசம் ஒரே ஊர்ல இன்னாபா பண்றது?” என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

இங்கேதான் உங்கள் அப்பாவாகிய நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

எங்கள் ஊர்களில் எது உடைந்தாலும் தோலால் சரிசெய்வோம். கதவுக் கீல் போனால் ஒரு துண்டுத் தோல். தண்ணீர் இறைக்கிற ஏற்றச் சால் ஓட்டையானால் தோல். ஆர்மோனியத்துக்குக் காற்று கசிந்தால் தோல். என் டிரம் வாரே தோல் ஷாப்பில் கழித்துப் போட்டதுதான். ஆடுகிற பல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தோல் ஆப்பு வைத்து இறுக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஷாப்பிலிருந்து நல்ல கெட்டித் தோலில் ஒரு நறுக்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்வலத்துக்குக் கொஞ்சம் முன்னால், செருப்புத் தைக்கிற கனி பாயிடம் அண்ணனை இழுத்துப் போனேன்.

கனி பாய் பல்லைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பல்லைப் பார்த்தார்.

“அரே, இது ஒரு வேலையா? ஜோடி ஷூவுக்கு அட்டை வெக்கறவன் நான்.”

“வாய்க்குள்ள தோலு வெக்கலாமா பாய்?” என்றார் அண்ணன்.

“ஏன் வெக்கக்கூடாது? பல்பொடில இன்னா போடறாங்க? கடுக்கா. தோலு பதம் பண்ண இன்னா போடறாங்க? அதே கடுக்கா. பல்லுக்கும் தோலுக்கும் ஒரே மருந்து. ரெண்டும் தோஸ்த்துங்க. பேஜார் ஆவாதே, வாயத் தெற.”

இதைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் சந்தேகமே போய்விட்டது. கனி பாய் நறுக்கைச் சீவிச் சீவி அரிசி பருமனுக்குக் கொண்டுவந்தார். இடுக்கியால் இரண்டு பல்லுக்கும் நடுவில் செருகி, சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. அண்ணன் கண்ணில் தண்ணீர். ஆனால் பல் அசையவில்லை! விரலால் ஆட்டிப் பார்த்தோம், நின்றது. கிளாரினெட்டை எடுத்துக் கடை வாசலிலேயே நாலு அடி வாசித்தார். சுருதி கம்பியாக நின்றது. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். கனி பாய் மடியில் இருந்த செருப்பை உதறிவிட்டு எழுந்து தலையாட்டினார்.

“கிருஷ்ணகிரி வரைக்கும் தாங்கும்” என்றார்.

“அதுக்கு மேலயும் ஊரு கீது பாய்” என்றார் அண்ணன்.

பிள்ளைகளே, பத்து வருஷம் இடுப்பளவு குழியில் நின்று தோல் மிதித்தவன் நான். தோல் தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கனி பாய்க்கும் தெரியும். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குத் தெரியும். ஆனால் வாய்க்குள்ளும் தண்ணீர் இருக்கிறது என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரத்தில் ஊர்வலம் புறப்பட்டது. மாஸ்டர் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் பக்கத்திலேயே நடந்தார். கண் பாதையில் இல்லை, அண்ணன் வாயில் இருந்தது. முதல் பாட்டு நன்றாக வந்தது. இரண்டாவது இன்னும் நன்றாக வந்தது. அண்ணன் வழக்கம்போல வேகம் பிடித்தார், நான் பின்னால் டிரம்மை இழுத்துக்கொண்டு ஓடினேன், குதிரை தூரத்தில் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோல் நறுக்கைக் கொண்டுவந்தவன் நான் அல்லவா! இரண்டு அடி அதிகமாகவே அடித்தேன்.

மூன்றாவது பாட்டில், வாய் நிறைந்த எச்சிலில் தோல் ஊற ஆரம்பித்தது.

ஒன்றும் அவசரப்படவில்லை அது. நம் தோல், அதற்கு ஒரு நிதானம் உண்டு. அரிசி பருமனில் இருந்தது, பருப்பு பருமனாகி, கடலை பருமனாகிக்கொண்டிருந்தது. பல்லைப் பிடிக்க வைத்த ஆப்பு பல்லை நெம்பித் தள்ளியது. நான் பின்னால் இருந்ததால் அண்ணன் முகம் தெரியவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது தெரிந்தது. மேல் ஸ்தாயியில் ஒரு நீளமான சுரம். அதைப் பிடித்தார். சுரம் ஏறியது, ஏறியது, நடுவில் அறுந்தது.

பல் ரோட்டில் விழுந்தது. தோலும் பின்னாலேயே விழுந்தது.

அண்ணன் நின்றார். ஒன்பது வருஷத்தில் நடு ரோட்டில் அவர் நின்று நான் பார்த்ததில்லை. அதனால் நிறுத்தத் தெரியாமல் டிரம்மோடு போய் அவர் முதுகில் மோதினேன். என் மேல் டிரம்பெட்காரன் மோதினான். அவன் மேல் மற்றவர்கள். செட் முழுவதும் வரிசையாக நின்றுவிட்டது.  

அப்போது அண்ணன் ஒரு காரியம் செய்தார். குனிந்து பல்லை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டார். கீழ் உதட்டை மடித்ததுபோலவே மேல் உதட்டையும் உள்ளே மடித்தார். பல் ஊன்றவேண்டிய இடத்தில் உதட்டை ஊன்றினார். கட்டையை அதற்குள் வைத்து, மெதுவாக, தொட்டுப் பார்ப்பதுபோல, ஊதினார்.

சத்தம் வந்தது. ஆனால் அது அவர் சத்தம் இல்லை. கூர் இல்லை, அவசரம் இல்லை. யாரோ காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவதுபோல் இருந்தது. உதடு வேகத்துக்குத் தாங்காது, அதனால் நிதானமாகத்தான் வாசிக்க முடிந்தது. வாசிப்பு நிதானமானதால் நடையும் நிதானமாயிற்று. நான் டிரம்மை விரல் முனையால் தட்டுவதுபோலத் தட்டினேன். பின்னால் குதிரை வந்து சேர்ந்துகொண்டது. அதன் மூச்சு என் பிடரியில் பட்டது. அண்ணன் வாசித்த ஊர்வலத்தில் மாப்பிள்ளை எங்களோடு சேர்ந்து வந்தது அன்றுதான். மாடிகளில் பெண்கள் தட்டியை ஒதுக்கிக் கேட்டார்கள். பெண் வீடு போய்ச் சேரும்போது பிரியாணி ஆறிப்போயிருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார், “இன்னொரு தபா வாசிங்க” என்று கேட்டார்.

வாசித்தார். முடித்துவிட்டுக் கட்டையை வாயிலிருந்து எடுத்தபோது மேல் உதட்டில் இரத்தம்.

மாஸ்டர் தொப்பியை எடுத்து வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். “மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுட்டே. இத்தன வருசத்துல உங்கிட்ட நான் இப்டி ஒரு வாசிப்பு கேட்டதில்ல. ஆனா நாப்பது நாளு இந்த ஒதடு தாங்காதுபா. தாங்கும்னு நீயே சொல்லு, இப்பவே கூட்டிட்டுப் போறேன்.”

அண்ணன் வேட்டி முனையால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.

புதன்கிழமை காலை வேன் வந்தது. குடியாத்தத்துப் பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினான். நல்ல பையன்தான், அவன்மேல் குற்றமில்லை. நான் பின்னால் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வழியனுப்ப வந்திருந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். டிரைவரிடம் பேர்ணாம்பட்டு ரோட்டில் எங்கே பள்ளம் என்று சொல்லிக்கொடுத்தார். வேனை ஒரு சுற்று வந்தார், இரண்டு சுற்று வந்தார். என்னைப் பார்த்து மட்டும் பேசவில்லை. கோபம் இல்லை அது. பேசினால் நான் தோலைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவேன், அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். என் மடியில் டிரம் அதிர்ந்தது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. பெரிய டிரம்முக்குப் பல் எதற்கு? இரண்டு கை போதுமே!

“மாஸ்டர், நிறுத்தச் சொல்லுங்க. நான் எறங்கறேன்.”

“இன்னாபா ஆச்சு?”

“எனக்கு வயித்துக்கு சரியில்ல. அண்ணன் அடிக்கட்டும் டிரம்மு.”

மாஸ்டர் பதறிப்போனார். “யோவ், விளையாடறியா? கிளாநெட்டு வெச்சினு இருந்தப்பவே நம்மள இந்தப் பாடு படுத்துனான். அவங் கையில தாளத்த குடுத்தா செட்டே ஓடணும்யா!”

ஆனால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. நான் இறங்கியதைத்தான் மாஸ்டர் பார்த்தார். என் பக்கத்து வழியாக அண்ணன் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. டிரம் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். என் அளவுக்கு வைத்த வார், அவருக்கு இறுக்கம். வேன் நகர்ந்தது. வெளியே தலையை நீட்டி என்னிடம் ஏதோ சொன்னார், இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாயிற்று.

உங்கள் அம்மா மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் கூந்தல் தைலம் இனாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது, அவள் அதற்கு அலமாரியில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள். அண்ணிதான் வந்து சமாதானம் செய்தாள். “வூடு எவ்ளோ அமைதியா இருக்குது தெரியுமா? தரை தேயற சத்தமே இல்ல” என்று சிரித்துவிட்டு, சிரித்த வேகத்திலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பத்தூரிலிருந்து மாஸ்டரின் கார்டு வந்தது. டிரம் ஓடுகிற ஓட்டத்தில் டிரம்பெட்காரனுக்கு மூச்சு வாங்குகிறதாம். ஜனங்கள் மடியை அவிழ்த்துத் தைலம் வாங்குவதற்குள் செட் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறதாம். குடியாத்தத்துப் பையன் இரண்டு செருப்பு தேய்த்துவிட்டானாம். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று பேசியிருக்க, டிரம்முக்காரன் ஒன்றரை ஊர் பார்த்துவிடுகிறான், கம்பெனிக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருந்தார். ஓரத்தில் நெருக்கி, ‘ஆள் சந்தோஷமாக இருக்கிறான்’ என்று ஒரு வரி.

நான் பழையபடி தோல் ஷாப்புக்குப் போனேன். பட்டைத் தண்ணீர்க் குழியில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தோல் மிதித்தேன். ஒரு நாள் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தவன் தன் காலை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தான்.

“இன்னாபா இது? யாரு தொரத்தறாங்க உன்ன? இம்மா வேகமா மிதிக்கறியே!”

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான், குழியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த வேளைக்கு எங்கேயோ ஒரு சந்தையில் என் டிரம்மைச் சுமந்துகொண்டு அவர் நடந்துகொண்டிருப்பார். ஐம்பத்தைந்து வயது மனிதர், கனமான டிரம். அவர் களைத்துவிடக் கூடாதே என்று என் கால் இங்கிருந்தே அவருக்காகக் கொஞ்சம் நடந்து கொடுத்துக்கொண்டிருந்தது.